கேட்காமல் எடுத்த துணிகள்

1

இந்த நாட்டில் கேட்காமல் வருவது மழை ஒன்றுதான். மற்ற எல்லோரும் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுப்பதென்றாலும் முதல் நாளே செய்தி அனுப்பி, 'உங்களுக்கு வசதிப்படுமா' என்று விசாரித்து, வசதிப்படும் என்று பதில் வந்த பிறகுதான் கிண்ணத்தைக் கையில் எடுக்க வேண்டும். அதற்குள் பாயசம் இறுகி உப்புமா பதத்துக்கு வந்திருக்கும்.

நான் இருப்பது ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரத்தில். கணவர் கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை செய்கிறார். சில வாரம் கடல், சில வாரம் வீடு. நான் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வாய் திறக்கப் பயப்படுகிறவர்களுக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுக்கிறேன். ஒரே மகள் யாழினி வேலை கிடைத்து எடின்பரோவுக்குப் போய்விட்டாள். நான் பிறந்து வளர்ந்தது திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில்.

இன்று ஊரில் தீபம். லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே தலைக்குக் குளித்தேன். அங்கே மாலை ஆறு மணி என்றால் இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். சமையலறை ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்து, மலை உச்சியைக் காட்டும் நேரலையைப் போட்டேன். உச்சியில் ஆட்கள் புள்ளி புள்ளியாக நகர்ந்தார்கள். கீழே கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

அப்போதுதான் ஜன்னல் கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. போனுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு ஐலீனின் கொடியில் இரண்டு பெரிய படுக்கை விரிப்புகளும் சில சட்டைகளும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. காலையில் வெயில் கொஞ்சம் முகம் காட்டியதை நம்பிக் காயப்போட்டிருக்கிறாள். அவள் வீட்டில் இல்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனதை நானே பார்த்தேன்.

என் கால் தன்னால் பின்கதவுப் பக்கம் திரும்பியது. செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். பிறகு நின்றுவிட்டேன்.

ஏன் நின்றேன் என்று சொல்ல, பல வருடம் பின்னால் போக வேண்டும்.

2

இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் கோடை. யாழினி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஐலீன் ஓய்வு பெற்ற ஆசிரியை, தனியாக இருப்பவள். பார்த்தால் சிரிப்பாள், வானிலை பற்றி ஒரு வாக்கியம் சொல்வாள், உள்ளே போய்விடுவாள். அன்றைக்கும் அவள் வெளியே போயிருந்தபோது வானம் திடீரென்று கறுத்தது. கொடி நிறையத் துணி.

எனக்கு யோசனையே வரவில்லை. பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஒன்று விடாமல் உருவி மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தேன். அரை ஈரமாக இருந்ததையெல்லாம் நாற்காலிகள்மேல் விரித்துக் காயவைத்தேன். பிறகு மடித்தேன். இரவு உடை, துண்டு, காலுறை ஜோடி ஜோடியாக, வெளியே சொல்லத் தயங்கும் உள்துணிகள் வரை எல்லாவற்றையும் நம் ஊர் மடிப்பில் மடித்து அடுக்கினேன். மழைக்கு இதமாக வெங்காயப் பக்கோடா போட்டிருந்தேன். ஒரு தட்டு பக்கோடாவைத் துணி அடுக்கின் உச்சியில் வைத்து, அவள் வந்ததும் கொண்டுபோய் நீட்டினேன்.

ஐலீனின் முகம் கழுத்துவரை சிவந்தது. பக்கோடாவைப் பார்த்தாள், அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்தாள். "மிகவும் அன்பான செயல். ஆனால், தப்பாக நினைக்காதீர்கள், கொஞ்சம் பிரிசம்ப்சுவஸ்" என்றாள்.

சொல் நீளமாக இருந்ததால் பாராட்டு என்றே நினைத்தேன். வாய் நிறைய நன்றி சொல்லிவிட்டு, எப்போது மழை வந்தாலும் நானே எடுத்துவிடுகிறேன், கவலையே வேண்டாம் என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் யாழினியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அது பாராட்டு இல்லம்மா. உனக்கு யாரும் குடுக்காத உரிமைய, இருக்குனு நீயே நெனச்சி எடுத்துக்கறது."

"துணி நனைஞ்சிடுமேனு எடுத்தேண்டி. அதுல இன்னா உரிமை?"

"அவங்கள கேட்டியா?"

"மழை கேட்டுச்சா?"

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "கெட்ட வார்த்தை இல்ல. ஆனா நல்லதும் இல்ல."

வீட்டில் ஒரு பழைய ஆங்கிலம்-தமிழ் அகராதி இருந்தது. எடுத்துப் பார்த்தேன். இறுமாப்புள்ள, செருக்குடைய, துணிச்சல் மிகுந்த என்று போட்டிருந்தது. அடுத்த வீட்டுத் துணியை மழையிலிருந்து காப்பாற்றியதில் இறுமாப்பு எங்கே இருந்தது என்று ராத்திரி முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. அகராதி எழுதியவரின் வீட்டுத் துணியை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் போல.

அதற்குப் பிறகு காதைத் தீட்டி வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைக் கவனிக்க ஆரம்பித்தேன். இங்கே அதை மற்றவர்களைப் பற்றிச் சொல்வதைவிடத் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுதான் ஜாஸ்தி. 'இப்படிக் கேட்பது பிரிசம்ப்சுவஸ் இல்லை என்று நம்புகிறேன்' என்று ஒரு முன்னுரை போட்டுவிட்டால் எதையும் கேட்கலாம். மருத்துவமனையில் ஒரு நோயாளி அப்படித்தான் ஆரம்பித்து, நான் எந்த ஊர், மாமியார் கூட இருக்கிறாரா, தினமும் சோறுதானா என்று எல்லாம் விசாரித்துவிட்டுப் போனார். வாசலில் நின்று கதவைத் தட்டுவது மாதிரியான ஒரு சொல் அது. தட்டிவிட்டு வந்தால் மரியாதை. தட்டாமல் வந்துவிட்டால், அதே சொல்லை அடுத்தவர் உங்கள்மேல் போடுவார். குரல் உயராது, சிரிப்பும் மாறாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கவாட்டுக் கதவை உங்களால் தள்ள முடியாது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று ஒரு வருடம் தேடியிருப்பேன். கடைசியில் அது பேச்சிலேயே இருந்தது. உரிமை எடுத்துக்கொள்வது. ஆனால் நம்மிடம் அது குற்றச்சாட்டாக வருவது அபூர்வம். 'உரிமையா வந்து கேட்டான்' என்று பெருமையாகச் சொல்வோம். எடுத்துக்கொள்ளாதவர்மேல்தான் நமக்குக் கோபம் வரும்.

3

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மலை உச்சி நேராகத் தெரியும். இடையில் ஒரு தென்னைமரம்கூடக் கிடையாது. அதனால் தீபத்தன்று அந்த மாடி எங்களுடையது இல்லை.

மத்தியானம் முதலே ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவதால் நடந்தே வருவார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தை வீட்டார், அத்தையோடு அவர் தெருக்காரர்கள், அந்தத் தெருக்காரர்களோடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள். யாரும் வாசலில் நின்று எதுவும் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றுவார்கள், பையை ஹாலில் போடுவார்கள், தண்ணீர்க் குடத்தைத் தாங்களே சாய்த்துக் குடிப்பார்கள், மாடிக்குப் போவார்கள். ஒருமுறை ராத்திரி முழுக்க எங்கள் மாடியில் தூங்கி, காலையில் காபியும் குடித்துவிட்டுப் போனவர் யார் வீட்டு உறவு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஒரே ஒரு வருடம், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பேங்க் அதிகாரி ஒருவர் வாசலில் நின்று, "சார், மேல போய் தீபம் பாக்கலாங்களா?" என்று கேட்டார். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மலையப் பாக்கறதுக்கு என்னை இன்னா கேட்டுனு நிக்கறீங்க? ஏறுங்க மேல" என்று அதட்டினார். மனிதர் கேட்டுவிட்டாரே என்று அப்பாவுக்கு உண்மையாகவே வருத்தம். நாம் ஏதாவது குறை வைத்துவிட்டோமா என்று அம்மாவிடம் விசாரித்தார்.

மழைக்கும் அப்படித்தான். எங்கள் வரிசையில் எல்லா மாடிக்கும் இடையில் முட்டி உயரச் சுவர்தான். முதல் துளியை யார் பார்க்கிறார்களோ அவர்கள் சுவர் தாண்டித் தாண்டி எல்லா வீட்டுத் துணியையும் அள்ளிவிடுவார்கள். காயப்போட்ட மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், அப்படித்தான். கடைசியில் எல்லாம் ஏதோ ஒரு வீட்டுக் கட்டிலில் ஒரே குவியலாகக் கிடக்கும். சாயங்காலம் பெண்கள் கூடிப் பிரிப்பார்கள். என் பாவாடை ஒன்று அடுத்த தெருவுக்குப் போய் ஒரு மாதம் யாரோ கட்டிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அம்மா அதைத் துவைத்து எனக்கே போட்டாள்.

கீழ்பென்னாத்தூர் அத்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டு வழக்கப்படி கல்யாணப் பெண்ணுக்கு முதல் நலங்கு அத்தைதான் வைக்க வேண்டும். நலங்குக்கு மஞ்சள் இடிப்பதும் அத்தைதான். என் கல்யாணத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவதாவது, அத்தையை எப்படிக் கூப்பிடுவது? கல்யாணத்துக்கு வெகு நாள் இருக்கும்போதே ஒரு மூட்டையோடு வந்து இறங்கினாள். வந்த அன்றே சமையற்காரரோடு சண்டை. மறுநாள் எனக்கு எடுத்திருந்த பட்டுப்புடவையைப் பிரித்துப் பார்த்து, "இன்னா பார்டர் இது, ரிப்பன் மாதிரி" என்று சொல்லி, அவளே கடைக்குக் கொண்டுபோய் மாற்றி, அரக்கு நிறத்தில் ஒரு பட்டு வாங்கிவந்தாள். என்னையும் கேட்கவில்லை, அம்மாவையும் கேட்கவில்லை. அம்மா சமையலறையில் முணுமுணுத்தபடி இருந்தாள். ஆனால் நலங்கன்று அத்தை குளித்துவிட்டு வரத் தாமதமானபோது, நல்ல நேரம் போகிறதே என்று எல்லோரும் பறந்தபோது, அதே அம்மாதான் சந்தனக் கிண்ணத்தை யாரும் தொடாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எங்க நாத்தனார் வரட்டும்" என்றாள்.

அந்த அரக்குப் புடவைதான் என்னிடம் இருந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த புடவை.

4

ஊருக்குக் கடைசியாகப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். வீட்டில் அண்ணனும் தேவகி அண்ணியும் அவர்கள் மகள் கயலும். ஆசிரமம் பக்கம் என்பதால் மாடியில் ஒரு அறை கட்டி, வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அப்போது அதில் இருந்தவள் பாவ்லா என்ற இத்தாலிக்காரி. வருடத்தில் பாதி நாள் அங்கேதான். தெருவில் அவள் பெயர் பாலா.

டாக்ஸியிலிருந்து இறங்கினேன். அண்ணி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"வாங்க வாங்க. பிரயாணமெல்லாம் நல்லா இருந்துச்சிங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று. 'ஏ அமுதா, வாடி' என்று வாய் நிறையக் கூப்பிடுகிற அண்ணி. நான் காலேஜில் படிக்கும்போது என் வளையலைக் கேட்காமல் போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போனவள், என் தலைமுடியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துப் பேன் பார்த்தவள். அவள் தன் படுக்கையறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருந்தாள். புது விரிப்பு, கடை மடிப்பு கலையாமல். உறை பிரிக்காத சோப்பு. பாட்டில் தண்ணீர்.

நானும் சும்மா இருக்கவில்லை. "அண்ணி, ஃபேன் போட்டுக்கலாமா?", "அண்ணி, இந்தத் துண்டு எடுத்துக்கலாமா?", "உங்களுக்குச் சிரமம் இல்லன்னா கொஞ்சம் காபி?" பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசை என் வாய்க்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. கேட்கும்போதெல்லாம் அண்ணியின் முகம் ஒரு மாதிரி ஆகும். உடனே இன்னும் மரியாதையாகப் பேசுவாள். யார் முதலில் ஆரம்பித்தோம் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் ஒரு 'ங்க' போட்டால் நான் ஒரு 'லாமா' போட்டேன். அப்படியே ஆளுக்கு ஒரு செங்கல்லாக வைத்துக்கொண்டே போனோம்.

அந்தச் சமயம் பாவ்லா மாடியிலிருந்து ஈரத் தலையோடு இறங்கி நேராகச் சமையலறைக்குள் வந்தாள். ஃப்ரிஜ்ஜைத் திறந்து தயிரை முகர்ந்து பார்த்தாள்.

"ஏய் பாலா! ஈரத் தலையோட நின்னா சளி புடிக்காது? தலையத் துவட்டுடி மொதல்ல. தயிரு எங்கயும் ஓடிடாது" என்று அண்ணி கத்தினாள். சொன்னதோடு நிற்காமல் துண்டை எடுத்து அவள் தலையை அண்ணியே தேய்க்க ஆரம்பித்தாள். பாவ்லா "ஆ, தேவகி, வலிக்குது" என்று தமிழில் கத்தினாள்.

நான் உறை பிரித்த புது சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து நின்றேன். ஐயோ, அந்த இத்தாலிக்காரியாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. கூடப்பிறந்தவன் வீட்டில் நான் விருந்தாளி, வாடகைக்கு வந்தவள் வீட்டுப் பெண்.

கிளம்பும்போது அந்த அரக்குப் பட்டை அண்ணியின் பீரோவில் வைத்தேன். இங்கே குளிரில் கோட்டுக்குள் கட்டுவதற்கு எதற்குப் பட்டு? உண்மையான காரணம் அது இல்லை. என்னுடையது ஏதாவது அந்த வீட்டில் கிடக்கட்டும், யாராவது எடுத்துக் கட்டட்டும் என்று ஒரு ஆசை. ஆனால் அதையும் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். "இங்க வெச்சிட்டுப் போகட்டுமா அண்ணி?"

"வைங்க. பத்திரமா பாத்துக்கறேன்" என்றாள், லாக்கர் ஆபீஸ்காரி மாதிரி.

ஒருமுறை அவர்களை இங்கே வரவழைக்கவும் முயன்றேன். விசாவுக்கு நான் அழைப்புக் கடிதம் எழுத வேண்டுமாம். அண்ணன், தங்கை என்பதற்குச் சான்று வேண்டுமாம். எத்தனை காலமாக அறிமுகம் என்று ஒரு கேள்வி. போனில் படித்துக் காட்டினேன்.

"கூடப் பொறந்ததுக்கு அத்தாட்சியா? அண்ணாமலையார் கோபுரத்தத்தான் சாட்சிக்குக் கூப்புடணும்" என்று அண்ணன் சிரித்தான். கடைசியில் ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று விண்ணப்பம் திரும்பிவந்துவிட்டது. "பரவால்ல விடும்மா" என்றான். அந்தப் 'பரவால்ல'தான் எங்களுக்குள் இப்போது அதிகம் புழங்கும் வார்த்தை.

யாழினி என்னிடம் எடின்பரோ வீட்டுச் சாவி ஒன்று கொடுத்து வைத்திருக்கிறாள், அவசரத்துக்கு. போன வருடம் அவள் ஆபீஸில் இருக்கும்போது போய், சமையலறையைத் துடைத்து, டப்பாக்களை வரிசை மாற்றி, சாம்பார் பொடி நிரப்பிவிட்டு வந்தேன். "தேங்க்ஸ்மா. ஆனா அடுத்த தடவ கேளு" என்றாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அவளைச் சொல்லி என்ன? அவள் வளர்ந்த ஊர் இது. நான் வளர்ந்த ஊரே எனக்கு இப்படி ஆகிவிட்ட பிறகு.

5

இந்த ஐப்பசியில் அண்ணன் போன் செய்தான்.

"கயலுக்கு முடிவாயிடுச்சிம்மா. தை மாசம் முகூர்த்தம் வெச்சிருக்கோம். உனக்கு லீவு கெடைக்கறது கஷ்டம். டிக்கெட்டும் ஜாஸ்தி. முடிஞ்சா வா. இல்லனா பரவால்ல, லைவ்ல போடறோம், பாரு."

அண்ணி போனை வாங்கினாள். "நீங்க சிரமப்பட வேணாங்க. உங்க சௌகரியம் எப்படியோ அப்படி."

நான் கயலுக்கு ஒரே அத்தை. முதல் நலங்கு நான் வைக்க வேண்டும், மஞ்சள் நான் இடிக்க வேண்டும். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'வராம இருந்து பாரு, தெரியும்' என்று அண்ணி ஒரு அதட்டல் போட்டிருந்தால் அந்த நிமிடமே டிக்கெட் எடுத்திருப்பேன். அவள் சௌகரியம் என்றாள். நான் என்ன சொன்னேன்? "பாக்கறேன் அண்ணி, உங்களுக்கு இடைஞ்சலா இல்லாம இருந்தா" என்றேன்.

அதிலிருந்து தினமும் காத்திருந்தேன், அண்ணி மறுபடி கூப்பிடுவாள், நலங்கைப் பற்றிக் கேட்பாள் என்று. கணவர் கடலிலிருந்து பேசும்போதெல்லாம், "போகணும்னா போயேன், யார் தடுத்தது?" என்றார். போவதற்கு யாரும் தடுக்கவில்லை. வா என்று யாரும் இழுக்கவும் இல்லையே. கூப்பிடாத கல்யாணத்தில் மூட்டையோடு போய் இறங்க நான் என்ன கீழ்பென்னாத்தூர் அத்தையா? என் இடம் அங்கே இன்னும் காலியாக இருக்கிறதா, அதில் வேறு யாரையாவது உட்கார வைத்துவிட்டார்களா என்று தெரியவில்லை. அந்தப் பாவ்லாவே நலங்கு வைத்தாலும் வைப்பாள்.

6

அதனால்தான் இன்று செருப்பை மாட்டியும் நின்றுவிட்டேன். போனில் மலை உச்சியில் ஜோதி எழுந்தது. அரோகரா என்று ஊரே ஒரே குரலில் முழங்கியது. எங்கள் மாடியும் அதில் கத்திக்கொண்டிருக்கும். கைகூப்பினேன், கண்ணில் நீர் வழிந்தது. ஜோதிக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, ஐலீனின் விரிப்புகள் நனைந்து கனத்துத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. கை துறுதுறுத்தது. அந்த நீளமான சொல் வேலி மாதிரி குறுக்கே நின்றது. நான் அகல் விளக்குகளை ஏற்றி ஜன்னல் ஓரமாக வரிசையாக வைத்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டேன்.

நாலு மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. கதவு தட்டப்பட்டது. ஐலீன். ஒரு கையில் தடி, மறு கையில் சொட்டச் சொட்ட ஒரு கூடை. இந்த வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதிலிருந்து அவளால் கனம் தூக்க முடிவதில்லை. ஓடிப்போய்க் கூடையை வாங்கி, அவளை உள்ளே அழைத்தேன்.

"உங்கள் வீட்டில் உலர்த்தும் இயந்திரம் இருக்கிறதல்லவா? என்னுடையது கெட்டுவிட்டது. தொந்தரவு இல்லையென்றால்..." என்று ஆரம்பித்தவள், ஜன்னலோரம் எரிந்த அகல் விளக்குகளைப் பார்த்தாள். "நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்களா?"

"இருந்தேன்."

"பஸ்ஸில் வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் அமுதா இருக்கிறாள், எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. "நீங்கள்தானே அன்றைக்குச் சொன்னீர்கள், பிரிசம்ப்சுவஸ் என்று" என்றேன். இத்தனை வருடம் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

அவள் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

"சொன்ன மறுநாளே, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. என் அம்மா போன பிறகு என் துணியை யாரும் மடித்ததில்லை. அடுத்த மழைக்கு நீங்கள் வந்தால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் வரவே இல்லை."

"நீங்கள் வந்து சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்வது? என் துணியை வந்து எடுங்கள் என்றா?" அவள் சிரித்தாள். "அது அதைவிடப் பிரிசம்ப்சுவஸ் ஆயிற்றே."

எத்தனை மழை பெய்திருக்கும் அந்த வருடங்களில்! வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

அவள் விரிப்புகளை இயந்திரத்தில் திணித்தேன். சர்க்கரை வேண்டுமா என்று கேட்காமல், நிறையப் போட்டு டீ கொடுத்தேன். குடித்தாள். பிறகு அவள் எதிரிலேயே போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டேன்.

அங்கே சாப்பாட்டு நேரம். மாடியில் ஒரே இரைச்சல். யாரோ பொரி உருண்டை கேட்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க அமுதா. தீபம் பாத்தீங்களா?"

"பாத்தேன். அண்ணி, நலங்குக்கு மஞ்ச யாரு இடிக்கப் போறாங்க?"

"அதாங்க, மில்லுல குடுத்து அரைச்சிடலாம்னு..."

"மில்லுல குடுத்தீங்கனா நடக்கறதே வேற. நான் வந்துதான் இடிப்பேன். நான் வெச்சப்புறம்தான் மத்தவங்க நலங்கு வெக்கணும். ஒரு வாரம் முன்னயே வரேன். உங்களுக்கு இடைஞ்சலா இருந்தாலும் வரேன். இடைஞ்சல் பண்ணத்தான் வரேன்."

பொரி உருண்டைக்கு அழுத குரல் மட்டும் கேட்டது. தப்பு செய்துவிட்டோம், அந்த வீட்டில் எனக்கு அவ்வளவு இடமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஏண்டி" என்றாள் அண்ணி. குரல் உடைந்திருந்தது. "இத சொல்றதுக்கு உனக்கு இத்தன நாளா? அத்தக்காரி வராளா வரலியானு சம்பந்தி வீட்ல கேக்கறாங்க, நான் இன்னா சொல்றது, அவளுக்கு எப்ப சௌகரியமோனு சொல்றதா? வெளிநாட்டுக்காரியாச்சே, எதுனா கேட்டா கஷ்டமா நெனச்சிக்கப் போறியேனு நானும் வாய மூடினு கெடக்கறேன். ஒரு வாரம்லாம் பத்தாது. பொங்கலுக்கே வந்துடு. ரூமுலாம் கெடையாது, சொல்லிட்டேன். மாடில பாலா இருக்கா. ஹால்ல எங்கூடப் பாய் போட்டுனு படு."

"சரி அண்ணி."

"அப்பறம், உன் அரக்குப் பட்ட பீரோலேந்து எடுத்துட்டேன். நலங்குக்குக் கயலுக்கு அதான். ஜாக்கெட் துணியும் வெட்டி அவ அளவுக்குத் தெக்கக் குடுத்தாச்சி."

நான் கண்ணைத் துடைத்தேன். ஐலீன் எழுந்துவந்து என் தோளைத் தொட்டாள். ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துவிட்டாள் போல. அழுகையை அடக்கிக்கொண்டு, குரலில் கோபத்தை வரவழைத்துக்கொண்டு, "என்ன ஒரு வார்த்த கேக்காம எப்படி எடுத்தீங்க?" என்றேன்.

"உன்ன எதுக்குடி கேக்கணும்?" என்றாள் அண்ணி.